அந்தப் பதினோராவது தோட்டா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் பெண்களின் தற்காப்புக்குச் சின்னப் பிஸ்டல்கள் பற்றி வந்த கட்டுரையை அப்பா போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தார். "உன் சமாச்சாரம் வந்திருக்கு, படிச்சுப் பாரு" என்று ஒரு வரி வேறு. படித்தேன். முதலில் படம். கட்டுரைக்கு மேலே போட்டிருப்பது ரிவால்வர், தோட்டாக்கள் உருளையில் சுழலும் ரகம். அதற்குக் கீழே 'அமெரிக்கப் பெண்கள் விரும்பும் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆட்டுக்கல் படத்தைப் போட்டு மிக்ஸி என்று எழுதுகிற மாதிரி. சரி, அவசரத்தில் யாரோ எடுத்துப் போட்டிருப்பார்கள், அது போகட்டும். கட்டுரையாளர் கடைசியில் சொல்லும் யோசனைதான் என்னை எழுத உட்கார வைத்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்குச் சுலபமாக லைசென்ஸ் கொடுத்து இந்த மாதிரி பிஸ்டலை வைத்துக்கொள்ள விட வேண்டும், கைப்பையில் பெப்பர் ஸ்ப்ரே வைத்துக்கொள்வது போலத்தான் இதுவும் என்கிறார்.

என்னிடம் அப்படிப்பட்ட பிஸ்டல் ஒன்று இருக்கிறது. 2019-இல் வாங்கினேன். எனக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். இருபது வருஷமாக டெக்சஸ் மாநிலத்தில், டல்லாஸுக்கு அருகே இருக்கிறேன். மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். துப்பாக்கி வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ பிரசாரம் செய்வதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பெப்பர் ஸ்ப்ரே ஒப்பீடுதான் எனக்குத் தொண்டையில் சிக்கிய மீன்முள்.

வாங்கிய கதை இது. 2018-இல் ஒருநாள் இரவு ஒன்பதரை மணிக்குக் கவுண்டருக்கு ஒருவன் வந்து ஒரு சீட்டை நீட்டினான். மருந்துச் சீட்டு என்று நினைத்து வாங்கினேன். வலி மாத்திரைகள் எல்லாவற்றையும் பையில் போடு, சத்தம் போடாதே என்று எழுதியிருந்தது. கையெழுத்து அழகாக இருந்தது. நான் தினம் படிக்கும் டாக்டர்கள் கையெழுத்தை விட நூறு மடங்கு மேல். கேட்டதைக் கொடுத்தேன். கொடுத்து அனுப்பு, எதிர்த்து நிற்காதே என்பதுதான் எங்களுக்கு நிர்வாகம் போட்டிருக்கும் விதியும். அவன் போன பிறகுதான் முழங்கால் ஆட ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "ஒன்று வாங்கிவிடலாம்" என்றார். வேலை நேரத்தில் கடைக்குள் துப்பாக்கி கூடாது என்பதும் அதே நிர்வாகத்தின் விதிதான். அதாவது, எது நடந்ததற்காக வாங்கினோமோ அது மறுபடி நடந்தால் இது உதவாது. இரண்டு பேருக்கும் இது தெரியும். தெரிந்தும் வாங்கினோம்.

யார் வேண்டுமானாலும் மளிகை வாங்குவது போல வாங்கலாம் என்று கட்டுரையில் இருக்கிறது. பாதிதான் சரி. எச்-1பி விசாவில் இருந்த வருஷங்களில் என்னால் வாங்கியிருக்க முடியாது. வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு இருப்பது போன்ற சில விலக்குகள் தவிர, சட்டம் அதைத் தடுக்கிறது. கிரீன் கார்டு வந்த பிறகுதான் வழி திறந்தது. லைசென்ஸ் பெற்ற கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், எஃப்.பி.ஐ. பின்னணிச் சோதனை நடக்கும், கைத்துப்பாக்கி என்றால் வயது 21 ஆகியிருக்க வேண்டும். எல்லாம் சேர்த்து எனக்கு இருபது நிமிஷம் ஆனது. ரேஷன் கார்டில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்த ஆன காலத்தை நினைத்துக்கொண்டேன். கடைக்காரராக இல்லாத ஒரு தனிநபர் இன்னொருவருக்கு விற்றால் டெக்சஸில் அந்தச் சோதனையும் கட்டாயமில்லை. அந்த வகையில் கட்டுரையாளர் சொன்னது மீதிப் பாதி சரி.

எதை வாங்குவது என்று தெரியாமல் முதலில் ஒரு ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்துக்குப் போனோம். அங்கே சொல்லிக்கொடுத்தவர் ஷெரீப் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி. எழுபது வயது இருக்கும். மூன்று பிஸ்டல்களை மேஜையில் வரிசையாக வைத்தார். கிளாக் 19, சிக் பி365, கிளாக் 43எக்ஸ். நான் போட்ட முதல் கை அந்த நடு பி365 மேல்தான். 2018-இல் வந்தபோது அதைப் பற்றித்தான் எங்கும் பேச்சு. நீளம் 5.8 அங்குலம், உயரம் 4.3, தடிமன் ஒரே அங்குலம், காலியாக அரைக் கிலோ. அதற்குள், தோட்டா அடுக்கும் மேகசினில் பத்து, குழலின் அடியில் சுடத் தயாராக ஒன்று உட்காரும் சேம்பரில் ஒன்று. அதற்கு முன் அந்த அளவில் வந்தவற்றில் ஆறு ஏழுதான் கொள்ளும். 2015-இல் வந்த கிளாக் 43-இல் ஆறும் ஒன்றும். மேகசினுக்குள் தோட்டாக்களை ஒற்றை வரிசையாக அடுக்காமல், முழுசாக இரட்டை வரிசையாகவும் அடுக்காமல், நடுவாந்தரமாக நெருக்கி அடுக்கியதுதான் அதில் உள்ள கெட்டிக்காரத்தனம்.

பாட்டி என் கையைத் தட்டிவிட்டு, "பெரியதிலிருந்து ஆரம்பி" என்றார். பெண்களுக்குச் சின்னது, ஆண்களுக்குப் பெரியது என்று கடையில் விற்பவர்கள் சொல்வார்கள், நம்பாதே, சின்னதுதான் சுடுவதற்குக் கஷ்டம் என்றார். உங்கள் கட்டுரையில் தலைகீழாக இருப்பது இந்த இடம்தான். தோட்டா அதே 9 மி.மீ. தோட்டாதான். துப்பாக்கி லேசாக ஆக ஆக அந்த உதையை வாங்கிக்கொள்ள எடை இல்லை, எல்லாம் நம் மணிக்கட்டில் வந்து இறங்கும். பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். குழல் குட்டை, குறி பார்க்கும் முன் முளைக்கும் பின் முளைக்கும் நடுவே தூரம் குறைவு. கை ஒரு நூலிழை கோணினாலும் அட்டையில் ஒரு சாண் தள்ளிப் போகிறது. ஏழு கஜ தூரத்தில் கிளாக் 19-இல் என் ஓட்டைகள் ஒரு தோசைக்குள் அடங்கின. பி365-இல் ஒரு வாழையிலை தேவைப்பட்டது.

அப்புறம் ஒரு சங்கதி. இந்தப் பிஸ்டல்களில் ஒரு முறை ட்ரிகரை அழுத்தினால் ஒரு தோட்டாதான் போகும். மெஷின் கன் மாதிரி கட்டுரையாளர் வர்ணித்திருப்பது தவறு. ஒவ்வொரு முறையும் வெடியின் உதையில் மேலே உள்ள ஸ்லைடு பின்னால் ஓடி, காலிக் கூட்டை வெளியே எறிந்து, திரும்பும்போது அடுத்த தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளிக்கொண்டு போகும். நம் மணிக்கட்டு தளர்ந்திருந்தால் ஸ்லைடு முழுதாக ஓடாமல் நடுவில் சிக்கிக்கொள்ளும். பயந்த ஆளுடைய மணிக்கட்டு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறாவது தடவை சுட்டபோது, சுடச்சுட ஒரு காலிக் கூடு என் குர்தா கழுத்துக்குள் விழுந்தது. கடுகு தாளிக்கையில் எண்ணெய் தெறிக்குமே, அதைப் போல இரண்டு பங்கு. நான் துள்ளிய துள்ளலில் துப்பாக்கி எந்தப் பக்கம் போயிருக்கும் என்று இன்றுவரை தெரியாது, ஏனென்றால் பாட்டி அதற்குள் என் மணிக்கட்டை இரும்பாகப் பிடித்துத் தரையைப் பார்க்க வைத்துவிட்டார். "சுட்டாலும் பொறுத்துக்கொள். முதலில் துப்பாக்கியைக் கீழே வை, அப்புறம் ஆடு" என்றார். கழுத்துக்குக் கீழே அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அடுத்த வாரம் கழுத்து மூடிய பனியனோடு போனேன்.

கடைசியில் வாங்கியது 43எக்ஸ். சுண்டுவிரலுக்கு இடம் உண்டு என்பதற்காக. இதிலும் பத்தும் ஒன்றும்.

இந்தப் 'பத்து' எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு வேடிக்கை. 1994-இல் அமெரிக்க மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்தில், பொதுமக்களுக்கு விற்கும் புது மேகசின்களில் பத்துக்கு மேல் கூடாது என்று இருந்தது. பத்துதான் என்றால் பெரிய பிடி எதற்கு என்று கம்பெனிகள் யோசித்தன. பத்துக்கு ஏற்ற மாதிரி உடம்பைக் குறுக்கின. கிளாக் 26 வந்தது 1995-இல். சட்டம் 2004-இல் காலாவதியாகிவிட்டது, குட்டித் துப்பாக்கி நிலைத்துவிட்டது. தோட்டாவைக் குறைக்க வந்த சட்டம், மறைத்து வைக்கத் தோதான துப்பாக்கிக்குத் தொட்டில் கட்டியது. அதே காலத்தில்தான் மாநிலம் மாநிலமாக மறைத்து எடுத்துச் செல்லும் உரிமமும் பரவியது. டெக்சஸ் சட்டத்தில் ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 1995-இல் கையெழுத்துப் போட்டார்.

கைப்பை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கட்டுரை முழுக்கக் கைப்பைதான். கிளாக்கில் வெளியே தள்ளிவிடும் சேஃப்டி பித்தான் கிடையாது. பாதுகாப்பெல்லாம் ட்ரிகருக்குள்ளேயும் உள்பாகங்களிலும் இருக்கிறது. கீழே விழுந்தால் வெடிக்காது, ஆனால் ட்ரிகரை எது அழுத்தினாலும் வெடிக்கும். அழுத்துவது விரல்தானா என்று அதற்குத் தெரியாது. சாவிக்கொத்தும் சீப்பும் லிப்ஸ்டிக்கும் பேனாவும் கிடக்கும் பையில் அதைப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் ட்ரிகரை முழுதாக மூடும் கெட்டியான உறை, ஹோல்ஸ்டர், கட்டாயம். துப்பாக்கிக்கென்று தனி அறை வைத்துத் தைத்த கைப்பைகளும் இங்கே விற்கின்றன. 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஹேடன் என்ற ஊரில், வால்மார்ட் கடையில் பொருள் வாங்கிக்கொண்டிருந்த இளம் தாய் ஒருவரிடம் இருந்தது அப்படிப்பட்ட பைதான். தள்ளுவண்டியில் பையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய இரண்டு வயதுக் குழந்தை ஜிப்பைத் திறந்து துப்பாக்கியை எடுத்துவிட்டது. அம்மா அந்த இடத்திலேயே போய்விட்டார். துப்பாக்கிப் பழக்கம் நன்றாக உள்ளவர் என்று எல்லாச் செய்திகளிலும் எழுதினார்கள். பாட்டி எங்கள் வகுப்பில் பேச ஆரம்பித்ததே இந்தச் சம்பவத்திலிருந்துதான். பை என்பது கீழே வைக்கிற பொருள் என்றார்.

கைப்பை வேண்டாம் என்றால் இடுப்பு. இடுப்பு என்றால் பெல்ட். பெல்ட் என்றால் ஜீன்ஸ். நாடா கட்டிய சல்வாரில் முழுதாக நிரப்பிய 43எக்ஸை மாட்டினால் சல்வார் என்ன ஆகும் என்பதை வீட்டில் ஒரு தடவை சோதித்துப் பார்த்து நானும் கணவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். புடவைக்கு வழியே இல்லை. வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டி ஒன்று விற்கிறார்கள். அதன் மேல் புடவை கட்டலாம், ஆனால் ஆபத்து நேரத்தில் அதை எடுக்க முந்தானை, கொசுவம், பின் எல்லாவற்றையும் கடந்து போவதற்குள் திருடனுக்கே பொறுமை போய்விடும். சிரிப்பு இருக்கட்டும், பொதுக் கழிப்பறையில் என்ன செய்வது என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை. ஜீன்ஸைத் தளர்த்தினால் ஹோல்ஸ்டர் கவிழும். தண்ணீர்த் தொட்டி மூடியின் மேல் எடுத்து வைத்துவிட்டு மறந்து போனவர்கள் இங்கே ஏராளம். நான் ஒரு தடவை நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்கில் ஐந்து நிமிஷம் அதைப் பல்லில் கவ்வாத குறையாகப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நான் வாங்கியபோது டெக்சஸில் மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் வேண்டும். நாலு முதல் ஆறு மணி நேர வகுப்பு, எழுத்துத் தேர்வு, ஐம்பது தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும்: மூன்று கஜத்தில் இருபது, ஏழில் இருபது, பதினைந்தில் பத்து. நூற்றுக்கு எழுபது எடுத்தால் பாஸ். 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது ஆனவர்களுக்கு அதுவும் தேவையில்லை என்று சட்டம் மாற்றிவிட்டார்கள். ரேஞ்சில் பாட்டிக்குக் கூட்டம் குறைந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனாலும் முகம் சரியில்லை.

உரிமம் கையில் இருந்தாலும் தினசரி வாழ்க்கையில் அதை எங்கே எடுத்துப் போவது? கடை வாசல்களில் '30.06' என்று எண் போட்ட பலகை தொங்கும். மறைத்துக்கூடக் கொண்டுவராதே என்று பொருள். நாங்கள் போகும் கோயில் வாசலிலும் அது உண்டு. வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ மதுவிலிருந்து வரும் இடங்களுக்குச் சிவப்பில் '51%' என்று போட்ட பலகை, அங்கேயும் கூடாது. பள்ளிக்கூடம் கூடாது. என் வேலை இடம் கூடாது. ஆக, அது பெரும்பாலும் காரில் பூட்டிய பெட்டிக்குள்தான் கிடக்கும்; ஊழியர்கள் காரில் பூட்டி வைத்துக்கொள்ள 2011 முதல் இங்கே சட்டம் இடம் தருகிறது.

டெக்சஸில் இந்த உரிமச் சட்டமே வந்ததற்கு, காரில் கிடந்த ஒரு துப்பாக்கிக்குப் பெரிய பங்கு உண்டு. 1991 அக்டோபர் 16 அன்று கிலீன் நகரத்து லூபீஸ் உணவகத்துக்குள் ஒருவன் வண்டியை மோதி நுழைந்து 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே அப்பா அம்மாவோடு சாப்பிடப் போயிருந்த சுசன்னா ஹப் தன் ரிவால்வரைக் காரிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார், அன்றைய சட்டம் அப்படி. இருவரையும் அன்று அங்கேயே இழந்தார். பிறகு ஊர் ஊராகச் சாட்சி சொல்லிச் சட்டத்தை மாற்ற வைத்தார், சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். அவர் பேசும் வீடியோவைப் பார்த்துத்தான் எனக்கும் தயக்கம் போனது. இன்றைக்கும் அவரை நினைத்தால் மனசு கனக்கும். ஆனால் எனக்கு நடந்தது வேறு மாதிரி.

2021 குளிர்காலம். இரவு பத்தரைக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் பின்பக்கம் வந்தேன். என் காருக்கு இரண்டடி தள்ளி, முகத்தை மூடிய குல்லாச் சட்டையோடு ஓர் ஆள் நிற்கிறான். என் துப்பாக்கி அந்தக் காருக்குள். எனக்கும் அதற்கும் நடுவில் அவன். முப்பது அடி இருக்கும். பத்து விநாடி அப்படியே நின்றேன். பிறகு வந்த வழியே திரும்பி உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினேன். ஸ்டாக் அடுக்கும் பையன் ஒருவன் இன்னும் இருந்தான். அவன் எட்டிப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டி ஏதோ கேட்டான். அந்த ஆளுடைய கார் பேட்டரி இறங்கிவிட்டது. ஜம்பர் கேபிள் வைத்திருக்கும் யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். குளிருக்குத்தான் குல்லா. பக்கத்து வண்டியில் பின்சீட்டில் ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். என் காரில் இருந்த கேபிளைத்தான் கொடுத்தோம். கை நடுக்கத்தில் சிவப்பு எது கறுப்பு எது என்று எனக்குத் தெரியவில்லை, அவரே மாட்டிக்கொண்டார். காரில் ஏறின பிறகு அந்தப் பெட்டியைப் பார்த்தேன். வீடு வரைக்கும் ரேடியோ போடவில்லை.

இடையில் 2020. அம்மா ஜூனில் போனார். விமானம் இல்லை, முகம் பார்க்கவில்லை, போனில்தான் எல்லாம். மூன்று மாதம் எனக்குத் தூக்கம் கிடையாது. தூங்காதவர்கள் என் கவுண்டருக்குத் தினம் வருகிறவர்கள்தான், அவர்களிடம் நான் என்ன கேட்பேன் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் ராத்திரி கணவரை எழுப்பி, "துப்பாக்கிப் பெட்டி நம்பரை மாற்றி வைத்துவிடுங்கள், எனக்குச் சொல்ல வேண்டாம்" என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே எழுந்து மாற்றினார். அடுத்த பொங்கலுக்குத்தான் புது நம்பர் கேட்டு வாங்கினேன். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். தற்காப்பு என்று வாங்கி வைத்த பொருள் யார் பக்கம் அதிகம் திரும்புகிறது என்பதற்கு இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். கட்டுரையாளர் இதில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு உண்மையான வருத்தம்.

சரி, அப்பா சொன்ன 'உன் சமாச்சாரம்' என்ன என்பதற்கு வருகிறேன். மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று எல்லோரும் நினைப்பார்கள். இல்லை. சேம்பரில் ஒன்று உட்கார்ந்திருக்கும். பத்தும் ஒன்றும் என்றேனே, அந்த ஒன்று. அதை வெளியே எடுக்க ஸ்லைடை இழுக்க வேண்டும். இழுத்தால் தோட்டா பக்கவாட்டில் துள்ளிக்கொண்டு எங்காவது போய் விழும். கீழே விழுந்ததைத் தேடி எடுத்து, எண்ணி, டப்பாவில் போடுவதுதான் முறை. 2022 இறுதியில் ஒரு சனிக்கிழமை ரேஞ்சிலிருந்து அவசரமாகக் கிளம்பியபோது நான் எண்ணவில்லை. அது என் நீல முதுகுப்பையின் பக்கவாட்டு ஜேபிக்குள் துள்ளி, அங்கே தையல் விட்டிருந்த ஓட்டை வழியாக உள்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவில் போய்ப் படுத்துக்கொண்டது. மூன்று சென்டிமீட்டர் நீளம், பன்னிரண்டு கிராம் எடை. ஒரு கொடுக்காப்புளிக் கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு.

ஜனவரியில் அந்தப் பையை மடித்துப் பெரிய சூட்கேஸுக்குள் வைத்து ஊருக்கு வந்தேன். யார் கண்ணிலும் படவில்லை. பத்து நாள் கழித்து, அப்பாவோடு உள்நாட்டு விமானத்தில் போக அதே பையைக் கையில் எடுத்துக்கொண்டேன். எக்ஸ்ரேயில் நின்றது. "மேடம், இது உங்க பையா?" என்றார் ஒருவர். பையை மூன்று தடவை உள்ளே அனுப்பினார்கள். கத்தரிக்கோலால் உள்துணியைக் கீறி, ஒரு பெண் காவலர் அதை இரண்டு விரலால் எடுத்துத் தட்டில் வைத்தபோது 'டிங்' என்று சத்தம் கேட்டது. அப்பா சர்க்கரை மாத்திரை போடுவதற்காகத் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார். திறந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அந்தப் பெண் காவலர், "பார்த்தா டீச்சர் மாதிரி இருக்கீங்க, பையில தோட்டா வச்சிருக்கீங்களே" என்றார். கோபமாகக்கூட இல்லை, ஆச்சரியமாக.

யார் மேலும் எனக்குக் குறையில்லை. எல்லோரும் மரியாதையாகத்தான் நடத்தினார்கள், தப்பு என்னுடையது. டெக்சஸ் உரிம அட்டையைக் காட்டினேன். இந்தியாவில் அது லைப்ரரி கார்டுக்குச் சமம். ஆயுதச் சட்டத்தில் வழக்கு. 9 மி.மீ. இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட ரகம் என்பதால் கூடுதல் சிக்கல் என்றார் வக்கீல். இரவு எட்டு மணிக்கு மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி ஜாமீன் கிடைத்தது. பாஸ்போர்ட் ஏழு வாரம் கோர்ட்டில். வழக்கு ரத்தாக ஏழு மாதம். ஆயுதம் 'வைத்திருந்தார்' என்று சொல்ல, அது தன்னிடம் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். நான் மட்டுமில்லை என்று வக்கீல் ஆறுதல் சொன்னார். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் ஒற்றைத் தோட்டாவோடு மாட்டுவது அடிக்கடி நடக்கிறதாம். இங்கே அமெரிக்காவில் கேட்கவே வேண்டாம். 2023-இல் மட்டும் விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, பத்துக்கு ஒன்பதுக்கு மேல் தோட்டா நிரப்பியவை. மறந்துவிட்டேன் என்பதுதான் பெரும்பாலும் சொல்லும் காரணம். நம்புகிறேன். நானும் அதைத்தான் சொன்னேன்.

கட்டுரையாளருக்கு இன்னொன்று. நீங்கள் பட்டியல் போட்டிருக்கும் நாலு மாடலும் 9 மி.மீ. அவை எதையும் தமிழ்நாட்டில் சாதாரண லைசென்ஸில் வாங்க முடியாது. நம் ஊரில் கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் .32 ரகம்தான். பெண்களுக்கென்றே ஒன்று ஏற்கெனவே வந்தும் இருக்கிறது. டெல்லி நிர்பயா சம்பவத்துக்குப் பிறகு, 2014-இல் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்று ஒரு .32 ரிவால்வரைக் கொண்டுவந்தது. அரைக் கிலோ எடை, அப்போது விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். இரவு ஷிப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவில் போகும் பெண் யாராவது அதை வாங்கியிருப்பாரா என்று கட்டுரையாளர் விசாரித்து எழுதினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன். தாம்பரம் மின்சார ரயிலில் மாலை ஆறு மணிக்கு, ஏறுவதற்கே இடிபடும் பெண்கள் பெட்டியில், அரைக் கிலோவை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது, அது இருப்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தட்டுப்படாமல் எப்படிப் போவது என்றும் சேர்த்து எழுதட்டும்.

எங்கள் வீட்டில் அது இன்னும் இருக்கிறது, பெட்டிக்குள். வெளியே எடுத்துப் போவதை நிறுத்திவிட்டேன். மாதம் ஒரு தடவை ரேஞ்சுக்குப் போகிறேன், பாட்டியைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று. கைப்பையில் பெப்பர் ஸ்ப்ரே இருக்கிறது. கட்டுரையாளர் அதையாவது சரியாகச் சொன்னார்.

ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அப்பா என் பைகளைத் திண்ணைக்கு எடுத்து வரச் சொல்கிறார். ஜிப் எல்லாம் திறந்து, தலைகீழாகக் கவிழ்த்து, பாயின் மேல் உதறுகிறார். போன முறை விழுந்தவை: ஒரு ரப்பர் பேண்ட், இரண்டு இருமல் மிட்டாய், அம்மா எப்போதோ தந்த துளசிக் காசு ஒன்று. காசை மட்டும் எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "சரி, கிளம்பு" என்றார்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் வாசகி,
டல்லாஸ் அருகே, டெக்சஸ்

பி.கு.: படத்தை மாற்றாவிட்டாலும் பரவாயில்லை, படத்தின் கீழே உள்ள வரியையாவது திருத்திவிடுங்கள்.